ஆர்டன் கவுண்டியில் கிணறு எப்படி?

1

பாரிசின் லா சப்பலில் எங்கள் சனம் எனக்கு வைத்திருக்கும் பட்டம் 'விதானையார்'. ஊரில் விதானையார் என்றால் அரசாங்கம் போட்ட ஆள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அத்தாட்சி கொடுக்கிறவர். என்னை ஒருவரும் போடவில்லை. ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில் ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறி அடுக்குகிறவன் நான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்த ஊரைச் சொன்னாலும், எந்தக் குறிச்சியைச் சொன்னாலும், இரண்டு தொலைபேசி அழைப்பில் அந்த வீட்டுக் கதையை அடியிலிருந்து நுனிவரை எடுத்துவிடுவேன். மாப்பிள்ளைப் பொடியனின் தகப்பன் குடிப்பாரா, தாய்க்கு என்ன வருத்தம், தமக்கை ஏன் இன்னும் கட்டவில்லை, வீட்டு உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில், எல்லாம்.

பெண்ணைப் பெற்றவர்கள் முருங்கைக்காய் வாங்குகிற சாட்டில் வருவார்கள். ஒரு காயை எடுத்து முறுக்கிப் பார்த்தபடியே, "அண்ணை, ஒரு சின்ன அலுவல்" என்பார்கள். அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கிவிடும். ஒரு கிழமை தவணை சொல்வேன். உண்மையில் ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் கெதியாகச் சொன்னால் மதிப்பு இராது. தவணை முடிந்ததும் இரண்டு தீர்ப்பில் ஒன்றைச் சொல்வேன். "இடம் நல்ல இடம்." அல்லது, "யோசிச்சுச் செய்யுங்கோ." இரண்டாவதைக் கேட்டவர்கள் முருங்கைக்காயைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த விசாரிப்பில் ஒரு கேள்வி இருக்கிறது. "அவையின்ரை பக்கம் கிணறு எப்பிடி?" ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது தப்பித் தவறி வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலையில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று இருந்த பழைய ஊத்தையைக் கிளறிப் பார்ப்பதுதான் நோக்கம். சாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்க எங்களுக்கு வெட்கம். கேட்காமல் விடவும் மனம் வராது. ஆகவே கிணறு, கோயில், சுடலை என்று சுற்றிச் சுற்றிக் கேட்போம். பாரிசுக்கு வந்து குழாய்த் தண்ணீர் குடித்துக் குடித்துத் தலை நரைத்த பிறகும் கிணற்றை விசாரிக்கிற கெட்டித்தனம் எங்களிடம்தான் இருக்கிறது. அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலைமை விதானை நான்.

என் சொந்த ஊரைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் விசாரிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

2

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. நான் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாரிசுக்கு வெளியே திரான்சியில் எங்கள் வீட்டுக் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த காலம்.

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் விளங்கும், ஆனால் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். படித்து முடித்து, மண் பரிசோதனை செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அன்றைக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, நான் ஒராளைக் கட்டப்போறன். பேர் ஈதன். என்னோடை வேலை செய்யிறவர். அமெரிக்கன்."

தமிழில் சொன்னாள். அதிலேயே விசயம் பெரிது என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு தகப்பன் இந்த இடத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ. நல்ல பிள்ளையா, உன்னை நன்றாகப் பார்ப்பானா, உனக்குச் சந்தோசமா. என் வாயிலிருந்து வந்தது, சத்தியமாக, "எந்த ஊர்?"

ஆரணி தாயைப் பார்த்தாள். தாய் சுகந்தி அடுப்பைப் பார்த்தாள்.

"நெப்ராஸ்கா. ஆர்டன் கவுண்டி," என்றாள் மகள். "எங்கை, உங்கட ரெண்டு போன் கோலைப் போட்டு விசாரியுங்கோ பாப்பம்."

பிறகு இருந்து ஆறுதலாகச் சொன்னாள். ஈதனின் தகப்பன் இறந்துவிட்டார். தாய் மார்லீன் தனியாகக் கமம் பார்க்கிறார். கல்யாணம் முடிந்ததும் இவர்கள் இருவரும் அங்கேயே போய் அந்தக் காணியைப் பொறுப்பெடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னர் தாய் பாரிசுக்கு வந்து எங்கள் வீட்டில் ஒருநேரம் சாப்பிட விரும்புகிறார்.

"அண்டைக்கு நீங்கள் ஒரு கேள்வி கேக்கக்கூடாது அப்பா. ஊர், ஆக்கள், காணி, சமயம், ஒண்டும். கேட்டியளெண்டா, கலியாணம் எழுதுற மெரியிலை நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு சாட்சியும்தான். நீங்கள் வரத் தேவையில்லை."

எனக்குக் கோபம் வந்தது. "ஏன், நான் என்ன கொலைகாரனோ? ஒரு பிள்ளையைக் குடுக்கிற இடத்தை விசாரிக்கிறது குற்றமோ?"

"நான் பள்ளிக்கூடம் போன நாளிலையிருந்து எல்லாரும் என்னட்டைக் கேக்கிற கேள்வி என்ன தெரியுமோ? 'நீ எந்த ஊர்?' திரான்சி எண்டா, 'இல்லை, உண்மையா எங்கை?' எண்டுவினம். வேலைக்குப் போன முதல் நாளும் அதுதான். வீட்டை வந்தா, என்ரை சிநேகிதப் பெட்டையளை வாசல்லை மறிச்சு நீங்களும் அதையே கேக்கிறியள். ஒருத்தியும் ரெண்டாந்தரம் வரேல்லை."

அது பொய்யில்லை. செலின் என்றொரு பிரெஞ்சுப் பிள்ளை ஒருநாள் வந்திருந்தது. தகப்பனின் ஊர் எது, தாயின் ஊர் எது, இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், எப்படிச் சம்பந்தம் வந்தது என்று நான்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை அழாக்குறையாக எழும்பிப் போனது. பழக்கதோசம்.

"கண்டறியாத விசாரணை," என்றாள் சுகந்தி அடுப்படியிலிருந்து. அது எனக்கா மகளுக்கா என்று நான் கேட்கவில்லை.

3

சாப்பாட்டு மேசையில்தானே கேட்கக்கூடாது? அதற்கு முன்னர் விசாரிக்கக்கூடாது என்று சட்டம் இல்லையே. அடுத்த நாளே தொடங்கினேன்.

முதலில் ரொறொன்ரோவில் இருக்கிற அத்தானுக்கு எடுத்தேன். வட அமெரிக்கா முழுவதற்கும் அவர்தான் என் ஏஜென்ட்.

"நெப்ராஸ்காவோ? அது எங்கை கிடக்கு?" என்றார்.

"உங்களுக்குக் கீழைதானே அத்தான்."

"எங்களுக்குக் கீழை நிறையக் கிடக்கு. நான் ஒண்டுக்கும் போகேல்லை."

அடுத்தது நியூ ஜேர்சியில் இருக்கிற ஒரு பழைய பள்ளித் தோழன். அவன் வேலை விசயமாக ஒருமுறை அந்தப் பக்கம் காரில் போயிருக்கிறான். "அங்கை எங்கட சனம் ஒண்டும் இல்லை மச்சான். மாடும் சோளமும்தான். அரைநாள் ஓடினன், திருப்பத்தையே காணேல்லை."

இரண்டு அழைப்பும் முடிந்தது. கையில் ஒன்றுமில்லை. என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவை. வேலணையென்றால் ஆள் இருக்கிறது, வடமராட்சியென்றால் ஆள் இருக்கிறது, ஒபர்வில்லியேயில் கிடங்கு வைத்திருக்கிற சீனக்காரரைப் பற்றிக்கூட என்னால் நாலு விசயம் எடுக்கலாம். என் பிள்ளை போகிற இடத்துக்கு ஒரு குருவி இல்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை. பகிடியாக எழுதுகிறேன், ஆனால் பயந்துபோயிருந்தேன். அங்கே அவளுக்கு ஒன்றென்றால் யாருக்கு எடுப்பது?

பிறகு மகளின் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வெங்காய மூட்டைகளுக்கு மேல் அதை வைத்து, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷை முட்டுக்கொடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

4

வாசகர்களே, ஆர்டன் கவுண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நகரத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்தில் இந்த நாட்டு ஆறுகளின் பெயர்களைக் கேட்டபோது சேன் என்ற ஒன்றோடு நின்றுவிட்டவன் நான். ஆர்டன் கவுண்டியின் ஆறு எங்கே தொடங்குகிறது, எந்த மாதம் வற்றுகிறது, எந்த வளைவில் பாலம் உடைந்தது, எல்லாம் சொல்வேன்.

கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. ரயில் பாதை போட்ட கம்பனியின் பெரிய மனிதர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. நிலம் தட்டை. தெருக்கள் எல்லாம் நேர்கோடு, வரைபடத்தில் பார்த்தால் கணக்குக் கொப்பியின் சதுரத் தாள். தொடக்கத்தில் வந்து குடியேறினவர்களுக்கு வீடு கட்ட மரம் இல்லை. ஆகவே புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் மேலேயிருந்து சேறு சொட்டுமாம். ஐந்து வருடம் அப்படி இருந்து பயிர் செய்தால் காணி சொந்தம். நானும் இந்த நாட்டில் முழுசாக ஐந்து வருடம் சேறு சொட்டுகிற அறையில் இருந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் வதிவிட அட்டை.

அவர்களுக்கு முன்னர் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி கவுண்டியின் இணையப் பக்கத்தில் ஒரேயொரு வரிதான் இருந்தது. பூர்வகுடிகள் தெற்கே வேறு நிலங்களுக்குச் சென்றார்களாம். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தாங்களாகத்தான் போனார்களா, சமைத்த சோற்றைச் சாப்பிட நேரம் கொடுத்தார்களா, ஒன்றும் இல்லை. அப்படிச் 'சென்ற' ஆள் நானும். ஆகவே எனக்கு அந்த வரியில் நம்பிக்கை வரவில்லை.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது அடுத்த பகுதி. ஆற்றுக்குக் கிழக்கே ஒரு பட்டினம், மேற்கே ஒரு பட்டினம். கவுண்டியின் நீதிமன்றம் எந்தப் பட்டினத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் சண்டை. மேற்குக்காரர் தேர்தலில் வென்றார்கள். கிழக்குக்காரர் பத்திரங்களைக் கொடுக்க மறுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கில் எல்லாரும் பூசையில் இருந்த நேரம் பார்த்து, மேற்குக்காரர் மாட்டு வண்டில் கொண்டுவந்து காணி உறுதிகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசிக்கும்போது கைதட்டிவிட்டேன். அட, இது எங்கட ஆக்களெல்லோ!

இன்னும் கேளுங்கள். கிழக்கில் இருந்தவர்கள் செக் நாட்டுக்காரர், கத்தோலிக்கர். மேற்கில் ஜேர்மன்காரர், வேறு சபை. கிழக்குக்கு ஒரு சவக்காலை, மேற்குக்கு ஒரு சவக்காலை. ஒருவர் ஒருவரின் சவத்தை எடுப்பதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. உலகத்தின் அந்தத் தொங்கலில், ஒரு தமிழனும் இல்லாத இடத்தில், சுடலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்!

அமெரிக்காக்காரர் சவக்காலையில் கிடக்கிறவர்களின் பெயர்களையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் உயிரோடு இருப்பவரின் பெயரையே சொல்லத் தயங்குவார்கள். ஈதனின் குடும்பப் பெயர் நோவாக். கிழக்குச் சவக்காலையில் நோவாக்குகள் வரிசையாகக் கிடக்கிறார்கள். மேற்குச் சவக்காலையில், ஜேர்மன்காரருக்கு நடுவில், ஒரேயொரு நோவாக். பெயர் ஜோசஃப்.

ஏன் அவர் அங்கே கிடக்கிறார்? விதானையின் மூளைக்குள் ஒரு முள் ஏறியது. கத்தரிக்காய் நிறுக்கும்போதும் ஜோசஃப். ரயிலில் கார் து நோருக்குப் போகும்போதும் ஜோசஃப். "அண்ணை, மிச்சக் காசு" என்று ஒருவர் கத்திய பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தேன்.

5

மார்லீன் வந்தார். உயரமான பெண்மணி, வெயிலில் காய்ந்த முகம், மண்வெட்டி பிடித்த கை. தங்கள் நிலத்தில் விளைந்த பொரிச்சோளம் ஒரு பை கொண்டுவந்திருந்தார். ஈதன் நல்ல அமைதியான பொடியன். சுகந்தியைப் பார்த்ததும், "வணக்கம், எப்பிடிச் சுகம்?" என்றான். ஆரணி பழக்கியிருக்கிறாள். நான் மகள் போட்ட நிபந்தனையை நினைத்து, பதிலாக ஒரு சிரிப்பை மட்டும் கொடுத்தேன்.

சுகந்தி நண்டுக்கறி, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் உறைப்புக் குறைத்துச் சமைத்திருந்தாள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் வாய் திறக்கப் பார்த்தால் அவள் என் கோப்பையில் சோறு போடுவாள். அன்று நான் சாப்பிட்ட சோற்றை ஒரு கலியாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை.

மார்லீன் கதைத்துக்கொண்டே இருந்தார். சோளத்தைப் பற்றி, காற்றைப் பற்றி. ஒவ்வொரு வசனத்திலும் நான் தொங்கிப்பிடித்துக் கேட்கக்கூடிய கொக்கிகள். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆரணி என்னை ஒரு கண்ணால் பார்த்தபடியே மொழிபெயர்த்தாள். நடுநடுவே அவள் முகம் கொஞ்சம் இளகியது. அப்பா தப்பிவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

அப்போது மார்லீன் புருசனைப் பற்றிச் சொன்னார். போன வருடம் மாரடைப்பு. தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம். "நோவாக்குகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள்," என்றார். "அது ஒரு ஆறுதல்."

பிழையான தகவல். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நோ, மேடம்," என்றேன். "வன் நோவாக் இஸ் இன் த வெஸ்ட்."

சுகந்தியின் அகப்பை நடுவானில் நின்றது. ஆரணி கண்ணை மூடினாள். நான் இன்றைக்கும் சொல்வேன், அது கேள்வி இல்லை, தகவல். ஆனால் அந்த நேரத்தில் மேசையில் இருந்த ஒருவருக்கும் அந்த வித்தியாசம் விளங்கவில்லை.

மார்லீன் முள்ளுக்கரண்டியை வைத்தார். "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

அணை உடைந்தது. நீதிமன்றச் சண்டை, மாட்டு வண்டில், ரயில் கம்பனிக்காரர், பாலம் உடைந்த வளைவு, ஜோசஃப், எல்லாவற்றையும் இங்கிலிஷும் பிரெஞ்சும் கலந்து கொட்டிவிட்டேன். பிரெஞ்சு வராத இடத்தில் தமிழ். ஆரணி எழும்பினாள். "நான் சொன்னனான் எல்லே அப்பா," என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. தண்ணீர்ச் சாடியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். முடிந்தது கதை, என் பிள்ளையின் கல்யாணத்தை நான் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

மார்லீன் சிரிக்கத் தொடங்கினார். சத்தமாக, மேசையில் தட்டித் தட்டி, கண் துடைத்துச் சிரித்தார். ஜோசஃப் அவருடைய மாமனாரின் சித்தப்பாவாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜேர்மன் பெண்ணைக் கட்டினதால் சொந்தச் சனம் சவக்காலையில் இடம் கொடுக்கவில்லை. பெண்ணின் ஆட்கள் கொடுத்தார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. ஈதன் இதை இப்போதுதான் முதன்முதலில் கேட்கிறான். தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இனி என் முறை," என்றார் மார்லீன்.

நான் எதிர்பார்க்கவில்லை. ஆர்டனில் யாராவது புதிதாகக் காணி வாங்க வந்தால் எல்லாரும் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்களாம், விசாரித்துச் சொல்லும்படி. அந்த ஊர் விதானை அவர்! கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். எந்தப் பக்கத்து ஊர்? கடலோரமா? காணி எவ்வளவு? என்ன பயிர்? நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். செம்மண், வெங்காயம், புகையிலை, ஒரு பக்கம் கடல்.

"இப்போது அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள்?"

"ஆமி," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். ஒருநாள் ஷெல் அடி தொடங்கியது, ஊரோடு எழும்பி ஓடினோம், பின்னால் வேலி போட்டார்கள். வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வேலிக்குள். ஊரின் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. இங்கே அட்டை எடுக்கப் போனபோது அலுவலரின் கணினியிலும் அந்தப் பெயர் இல்லை. அவர் யாழ்ப்பாணம் என்று அடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் பிறந்த ஊர் யாழ்ப்பாணம்.

"உங்கள் ஆட்களின் சவக்காலை?"

"அதுவும் உள்ளுக்குத்தான். என்ரை அப்பா போனபோது வேறை ஊர்ச் சுடலையிலைதான் எரிச்சவை. நான் இஞ்சை. போனிலை கேட்டுக்கொண்டிருந்தன்." இதைத் தமிழில் சொல்லிவிட்டேன். சுகந்தி குனிந்துகொண்டாள். மொழிபெயர்க்க ஆளில்லை என்று திரும்பினேன்.

ஆரணி குசினி வாசலில் சாடியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நான் கடைசியாகச் சொன்னதை மெதுவாக இங்கிலிஷில் மார்லீனுக்குச் சொன்னாள். சொல்லி முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் கேள்வி கேட்கிற பிள்ளை இல்லை, நான் கேள்வி மட்டும் கேட்கிற தகப்பன். எப்படித் தெரியும்?

மார்லீன் என் கையைப் பிடித்தார். ஆரணி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு அவையிட்டை இன்னும் ஏதும் கேக்க இருக்கோ?"

"ஒண்டே ஒண்டு."

"சரி, கேளுங்கோ."

"அவையின்ரை பக்கம் கிணறு எப்பிடி?"

அவள் முகம் இறுகியது. சின்ன வயதில் கடையில் எனக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம் செய்தவள். அந்தக் கேள்வியின் ஊத்தை அவளுக்குத் தெரியும். "அப்பா!"

"இல்லை பிள்ளை. தண்ணியைத்தான் கேக்கிறன். நீ குடிக்கப்போற தண்ணி."

அவள் மார்லீனிடம் கேட்டாள். மார்லீன் யோசித்தார். ஈதனைப் பார்த்தார், ஆரணியைப் பார்த்தார்.

"நன்றாக இல்லை," என்றார். சோளத்துக்குப் போடுகிற உரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். பிள்ளைத்தாய்ச்சிகளும் குழந்தைகளும் குடிக்கக்கூடாது. போத்தில் தண்ணீர்தான் வாங்குகிறார்கள். புருசன் இன்னும் ஆழமாகத் தோண்டப் பார்த்தார், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். "உங்கள் மகளுக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்."

நான் சுகந்தியைப் பார்த்தேன். பிறகு, கடையில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"இடம் நல்ல இடம்."

"தண்ணி சரியில்லையெண்டு சொல்லுறா," என்றாள் ஆரணி. "நீங்கள் நல்ல இடம் எண்டுறியள்?"

"அதாலைதான் சொல்லுறன். எத்தினை வருசமா விசாரிக்கிறன்? தங்கட கிணறு சரியில்லையெண்டு வாயாலை சொன்ன சம்பந்தியை இண்டைக்குத்தான் கண்டன்."

ஆரணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் மண் பரிசோதிக்கிறவள், தண்ணீரைப் பற்றி எனக்கு முன்னரே அவளுக்குத் தெரியுமாம். அதற்கும் சேர்த்துத்தான் அங்கே போகிறாளாம். இதை நான் எந்த நாளும் அவளிடம் கேட்கவில்லை. அவர்கள் புறப்படும்போது வாசலில் நின்று, "மெரியிலை எனக்குச் சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான் வைக்க வேணும்," என்றாள். "அடையாள அட்டையின்ரை கொப்பி கேப்பினம். மறக்காமல் கொண்டாங்கோ."

அட்டையின் கொப்பி நாலு எடுத்து வைத்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று நாலிலும் இருந்தது.

6

இப்போது அவர்கள் ஆர்டனில் இருக்கிறார்கள், ஆற்றுக்குக் கிழக்குப் பக்கம். இங்கே கடையில் சனம் இன்னும் முருங்கைக்காயை முறுக்கிக்கொண்டுதான் வருகிறது. "மகளைக் குடுத்த இடம் எப்பிடி அண்ணை?" என்று யாராவது கேட்டால் நீதிமன்றச் சண்டையிலிருந்து தொடங்குவேன். மாட்டு வண்டில் வருவதற்கிடையில் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி எடுத்தாள். நான் கேட்க முதலே அவள் கேட்கத் தொடங்கினாள். எங்கள் ஊரில் கோயில் எந்தப் பக்கம், கடலுக்கு எவ்வளவு தூரம், வீட்டுக்கு அடுத்த காணி யாருடையது. மார்லீன் பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்கிறாரா என்றேன். இல்லை, தான்தான் கேட்கிறாளாம். அங்கேயும் எல்லாரும் அவளிடம் எந்த ஊர் என்று கேட்கிறார்களாம். இப்போது அவள் திரான்சியோடு நிற்பதில்லையாம்.

எத்தனையோ ஊர்களைத் தொலைபேசியில் விசாரித்தவன் நான். என் ஊரை விசாரித்து வந்த முதல் அழைப்பு அதுதான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்பா, எங்கட ஊரிலை கிணறு எப்பிடி?"

"என்ன மாதிரித் தண்ணி தெரியுமோ பிள்ளை! அப்பிடி ஒரு நல்ல தண்ணி நீ உலகத்திலை குடிக்கேலாது."

"உண்மையாவோ அப்பா?"

"இல்லை பிள்ளை," என்றேன். "கொஞ்சம் உவர்தான்."